சிசிலியில் பூனைக்கண் எங்கிருந்து வந்தது?

கேள்வி இதுதான். இத்தாலியர், கிரேக்கர், ஸ்பானியர், போர்த்துகீசியர் என்று தென் ஐரோப்பியர் எல்லாருக்கும் கறுப்பு முடியும் கறுப்புக் கண்ணும்தானே இயல்பு? சிசிலிக்குப் போன இடத்தில் நீலக் கண், செம்பட்டை முடி என்று எத்தனையோ பேரைப் பார்த்தேனே, அது சாயமா, இல்லை வட ஃபிரான்சிலிருந்து வந்து ஒரு காலத்தில் சிசிலியை ஆண்ட நார்மன்காரர்கள் விட்டுப்போன கலப்பா? கேட்டவரின் அக்கா அப்படியொரு பூனைக்கண்காரரைக் கல்யாணம் செய்திருக்கிறாராம். பிறக்கப்போகும் பிள்ளைக்கு எந்தக் கண் வரும் என்று கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்.

நான் சிசிலியின் தலைநகர் பலேர்மோவில் இருபது வருஷத்துக்கு மேலாக இருக்கிறேன். படித்தது உயிரியல். அதனால் இந்தக் கேள்வியை விட மனசு வரவில்லை. பலேர்மோவில் தமிழர்கள் நிறையப் பேர் இருப்பதால் இதே கேள்வியை வீட்டிலும் கடைத்தெருவிலும் எத்தனையோ தடவை காதில் வாங்கியிருக்கிறேன். நார்மன் கதையைப் பிறகு எடுத்துக்கொள்கிறேன். முதலில் "கறுப்பு" என்ற சொல்லைச் சரிசெய்ய வேண்டும்.

முன்பெல்லாம் இத்தாலிய அடையாள அட்டை காகிதத்தில்தான் இருந்தது. அதில் உயரத்துக்கு ஒரு வரி, முடிக்கு ஒரு வரி, கண்ணுக்கு ஒரு வரி. நான் முதல் தடவை அட்டை எடுக்கப்போனபோது கவுண்டரில் இருந்த அம்மா என் தலையைப் பார்த்து முடி வரியில் "நேரி", அதாவது கறுப்பு, என்று எழுதினார். கண்ணும் நேரிதான் என்று நான் சொன்னேன். அவர் பேனாவை வைத்துவிட்டு எட்டி என் கண்ணைப் பார்த்தார். "கஸ்தானி" என்று எழுதி முத்திரை குத்திவிட்டார். கஸ்தாஞ்ஞா என்றால் செஸ்ட்நட் கொட்டை. இலையுதிர் காலத்தில் பலேர்மோ தெருமுனைகளில் புகை மண்டத் தள்ளுவண்டியில் வறுத்து விற்பார்களே, அதுதான். அதன் ஓட்டு நிறம்தான் கஸ்தானோ.

அந்த அம்மா சொன்னதுதான் சரி. தமிழில் அந்த உறுப்புக்குப் பெயரே கருவிழி என்று வைத்துவிட்டோம், அதனால் நமக்குத் தோன்றுவதில்லை. உண்மையில் கறுப்பு நிறக் கண் என்று உலகத்தில் யாருக்கும் கிடையாது. அடர் பழுப்புதான் உண்டு. வெயிலில் பக்கவாட்டில் நின்று கண்ணாடியைப் பாருங்கள், காப்பி டிகாஷன் மாதிரி தெரியும்.

இத்தாலியர்களின் அட்டைகளை அடுக்கி வைத்துப் பார்த்தால் முடிக்கும் கஸ்தானி, கண்ணுக்கும் கஸ்தானி என்றுதான் பெரும்பாலும் இருக்கும். அவர்களுடைய இயல்பு நிறம் பழுப்புதான், கறுப்பு இல்லை. தூரத்தில் பார்த்தால் கறுப்பாகத் தெரியும் அடர் பழுப்பிலிருந்து வெயிலில் தேன் நிறம் காட்டும் இளம் பழுப்பு வரை எல்லாம் இந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடும்.

பொன்னிறம் எங்கே ஆரம்பிக்கிறது என்பதிலும் தகராறுதான். இங்கே கடையில் ஹேர் டை பெட்டிகளைப் பார்த்தால் எண் போட்டிருக்கும். 1 கறுப்பு. 3, 4, 5 எல்லாம் கஸ்தானோ வகை. 6-இல் "பியோந்தோ ஸ்கூரோ" என்று வந்துவிடும், அதாவது அடர் பொன்னிறம். ஆனால் 6-ஆம் எண் முடியோடு ஒருவர் மதுரைப் பக்கம் நடந்துபோனால் யாரும் பொன்னிறம் என்று சொல்லமாட்டார்கள், எண்ணெய் வைக்காத செம்பட்டை என்பார்கள். ஸ்வீடன்காரர் அதே முடியைப் பழுப்பு என்பார். ஆகவே "இத்தாலியில் இத்தனை சதவீதம் பொன்னிற முடி" என்று யாராவது சொன்னால், எல்லைக்கோட்டை எங்கே போட்டார்கள் என்றுதான் முதலில் கேட்க வேண்டும்.

அப்படிக் கேட்டுவிட்டுப் பார்த்தாலும் மதிக்கத்தக்க ஒரு கணக்கு உண்டு. ரிதோல்ஃபோ லிவி என்ற ராணுவ மருத்துவர், கட்டாய ராணுவ சேவைக்கு அழைக்கப்பட்ட ஏறத்தாழ 3 லட்சம் இளைஞர்களின் பதிவேடுகளைத் தொகுத்து 1896-இல் வெளியிட்டார். நாடு முழுக்கச் சேர்த்துப் பொன்னிற முடி 8.2 சதவீதம். வடகிழக்கில் வெனிஸைச் சுற்றியிருக்கும் வேனெத்தோவில் 12.6. சார்தீனியா தீவில் 1.7. இணையத்தில் இதை "1859 முதல் 1863 வரை நடந்த ஆய்வு" என்று போட்டிருப்பார்கள். அது தவறு, அந்த இளைஞர்கள் பிறந்த வருஷங்கள்தான் அவை. இத்தாலி என்ற நாடே 1861-இல்தான் உருவானது. அதற்குள் எந்த ராணுவம் போய் 3 லட்சம் பேரைக் கணக்கெடுத்தது?

பின்னால் வந்த புவியியலாளர் ரெனாத்தோ பியாசுத்தி வரைந்த வரைபடத்தில் இந்தச் சரிவு இன்னும் தெளிவாகத் தெரியும். வடக்கில் சில இடங்களில் 20 சதவீதத்துக்கு மேல், தெற்கில் பெரும்பாலும் 2.5-க்கும் 7.4-க்கும் நடுவில். நேப்பிள்ஸுக்கு உள்பக்கம் இருக்கும் பெனெவெந்தோ சுற்றுவட்டாரம் மட்டும் 10 முதல் 15 என்று தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். 6-ஆம் நூற்றாண்டில் வடக்கிலிருந்து வந்த லொம்பார்துகள் என்ற ஜெர்மானிய இனத்தார் ஐந்நூறு வருஷம் கோலோச்சிய ஊர் அது. "அதனால்தான்" என்று சொல்ல நாக்கு துடிக்கும். இருக்கலாம். ஆனால் முடி வரைபடத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு அதைத் தீர்ப்பாகச் சொல்ல நான் தயாரில்லை. ஸ்பெயினிலும் கலீசியா, அஸ்தூரியாஸ் என்று வடக்கே போகப்போகச் சற்று வெளிறும், தெற்கே அந்தலூசியாவில் கறுக்கும். ஆனால் இத்தாலி அளவுக்குப் பெரிய இறக்கம் அங்கே இல்லை.

இனி கண்ணுக்குள் போவோம். நீலக் கண்ணில் நீலச் சாயம் ஒரு துளி கூடக் கிடையாது. கருவிழியின் பின்பக்கப் படலம் அநேகமாக எல்லா மனிதருக்கும் கறுப்பாகத்தான் இருக்கும். முன்பக்கத்து இழைகளில் மெலனின் என்ற நிறமி எவ்வளவு என்பதில்தான் வித்தியாசம். அது நிறைய இருந்தால் பழுப்பு. மிகக் குறைவாக இருந்தால் உள்ளே போகும் ஒளி சிதறி நீலப் பகுதி மட்டும் அதிகமாகத் திரும்பி வரும், வானம் நீலமாகத் தெரிவது போலத்தான். இரண்டுக்கும் நடுவில் கொஞ்சம் மெலனின் இருந்தால், அதன் மஞ்சளும் சிதறிய நீலமும் சேர்ந்து பச்சையாகத் தெரியும். நாம் பூனைக்கண் என்று ஒரே சொல்லில் சொல்வதற்குள் நீலம், சாம்பல், பச்சை, தேன் நான்கும் அடங்கும். சிசிலியில் தூய நீலத்தைவிட இந்தப் பச்சையும் தேனும் கலந்த நடுவாந்தரக் கண்தான் என் பார்வையில் அதிகம். பல்லாரோ சந்தையில் நான் மீன் வாங்கும் கடைக்காரர் கரியைப் பூசினாற்போலத் தலைமுடியும் தாடியுமாக இருப்பார், கண் மட்டும் பாசி பிடித்த குளம்.

இந்த மெலனின் அளவைப் பெரும்பகுதி தீர்மானிப்பது 15-ஆம் குரோமோசோமில் இருக்கும் ஒரே ஒரு டிஎன்ஏ எழுத்து மாற்றம். ஹெர்க்2 என்ற மரபணுவுக்குள் இருந்துகொண்டு, பக்கத்து வீட்டுச் சுவிட்சைப் போல, ஓசிஏ2 என்ற அடுத்த மரபணுவின் வேலையைக் குறைத்துவிடும். ஓசிஏ2-இன் வேலை குறைந்தால் கருவிழியில் மெலனின் குறையும். 2008-இல் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தின் ஹான்ஸ் ஐபெர்க் குழு, நீலக் கண்காரர்கள் எல்லாரும் ஒரே மூதாதையிடமிருந்து இந்த மாற்றத்தைப் பெற்றிருக்க வேண்டும், அது 6,000 முதல் 10,000 வருஷத்துக்குள் நடந்திருக்கலாம் என்று கணக்குச் சொன்னது. ஒரே மூதாதை என்ற யோசனை நின்றது. வருஷக் கணக்குதான் பழைய எலும்புகள் பேச ஆரம்பித்ததும் ஆட்டம் கண்டது. அந்த எலும்புகள் கிடைத்த இடங்களைக் கேட்டால் உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும்.

இத்தாலியின் குதிகால் பக்கம், புலியா மாநிலத்தில் மொனோப்போலி என்ற கடலோர ஊர். அங்கே ஒரு குகையில் 1998-இல் ஒரு குழந்தையின் எலும்புக்கூடு கிடைத்தது. இரண்டு கற்பலகைகளை மேலே வைத்துப் புதைத்திருந்தார்கள். ஒன்றரை வயது நிறையாத ஆண் குழந்தை, இறந்து சுமார் 17,000 வருஷம். 2024-இல் அதன் மரபணுத் தொகுதியைப் படித்து வெளியிட்டார்கள். பிறவி இதயக் கோளாறு இருந்திருக்கலாம் என்பது ஒன்று. இன்னொன்று நம் விஷயம்: தோல் இன்றைய ஐரோப்பியரில் பெரும்பாலோரைவிடக் கறுப்பு, முடி அடர்நிறச் சுருள், கண் நீலம்.

தென் இத்தாலியில், நார்மன்காரர்கள் வருவதற்கு 16,000 வருஷத்துக்கு முன்பு! அடுத்து வடக்கில் பெல்லூனோ மலைப்பக்கம் கிடைத்த வில்லாப்ரூனா மனிதர். 14,000 வருஷம் பழையவர், அவரிடமும் அதே மாற்றம் உண்டு. ஸ்பெயினில் லியோன் பகுதியில் 2006-இல் கண்டெடுத்த லா பிரான்யா மனிதர் 7,000 வருஷத்தவர். கறுத்த தோல், நீலக் கண். நீலக் கண் வடக்கே பனிக்குள் பிறந்து தெற்கே நடந்து வந்தது என்று நாம் மனசில் வைத்திருக்கும் படத்துக்கு இந்த மூன்று பேரும் ஒத்துவரவில்லை. நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய சான்றுகளில் சில தெற்கு ஐரோப்பாவின் மண்ணிலிருந்தே வருகின்றன. தோலும் கண்ணும் முடியும் ஒரே கயிற்றில் கட்டியவை இல்லை, தனித்தனி வழியில் போகும் என்பதும் இங்கேயே தெரிந்துவிடுகிறது.

அப்படியானால் பிறகு ஏன் தெற்கு முழுக்கப் பழுப்புக் கண் ஆனது? சுமார் 8,000 வருஷத்துக்கு முன்பு அனத்தோலியா பக்கத்திலிருந்து, அதாவது இன்றைய துருக்கியிலிருந்து, விவசாயிகள் வந்து சேர்ந்தார்கள். அவர்கள் பெரும்பாலும் பழுப்புக் கண், அடர்ந்த முடி. வேட்டையாடி வாழ்ந்த பழைய ஜனத்தைவிட எண்ணிக்கையில் பெருகினார்கள். இதற்கு நல்ல சாட்சி ஆல்ப்ஸ் பனியில் 1991-இல் கிடைத்த ஊட்ஸி. 5,300 வருஷம் பனிக்குள் கிடந்தவர், இப்போது பொல்சானோ அருங்காட்சியகத்தில் குளிர்பெட்டிக்குள் இருக்கிறார். 2012-இல் மரபணுவைப் படித்தபோது கண் பழுப்பு என்றும், இன்று உயிரோடிருப்பவர்களில் சார்தீனியத் தீவினர்தான் இவருக்கு நெருக்கம் என்றும் தெரிந்தது. 2023-இல் மறுபடி துல்லியமாகப் படித்ததில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அனத்தோலிய விவசாயி வழி, தோல் இன்றைய தென் ஐரோப்பியரைவிடக் கறுப்பு, தலை வழுக்கையாகிக்கொண்டிருந்தது என்றார்கள். அதுவரை நீள முடியோடு அவரை வரைந்துவைத்திருந்த ஓவியர்கள் பாவம்.

அதற்குப் பிறகு, 5,000 வருஷத்துக்கு முன்பிருந்து, கருங்கடலுக்கு வடக்கேயுள்ள புல்வெளிகளிலிருந்து இன்னொரு ஜனம் பரவியது. பொன்னிற முடியோடு தொடர்புள்ள ஒரு மரபணு மாற்றம் சைபீரியாவில் 17,000 வருஷத்து எலும்பில் முதலில் தென்படுகிறது. அது ஐரோப்பாவுக்குள் பரவியதில் இந்தப் புல்வெளிக்காரர்களுக்குப் பங்கு உண்டு. இவர்களின் கலப்பு வட ஐரோப்பாவில் அதிகம், தென் இத்தாலியில் குறைவு, சார்தீனியாவில் மிகக் குறைவு. இப்போது லிவியின் 12.6-ஐயும் 1.7-ஐயும் திரும்பப் பாருங்கள்.

முடிக்குக் கண்ணைப் போல ஒரே பெரிய சுவிட்ச் இல்லை. 2018-இல் ஏறத்தாழ 3 லட்சம் ஐரோப்பிய வழியினரை வைத்துச் செய்த ஆய்வு, முடி நிறத்தில் கைவைக்கும் 124 மரபணு இடங்களைக் காட்டியது. சிவப்பு முடி மட்டும் விதிவிலக்கு மாதிரி. அதில் எம்சி1ஆர் என்ற மரபணுவின் ஆட்சிதான். அதன் மாற்றங்களை அப்பா ஒன்று அம்மா ஒன்று என இரண்டு பக்கமிருந்தும் வாங்கினால்தான் பெரும்பாலும் சிவக்கும். அதனால் தலைமுறை தலைமுறையாக மறைந்திருந்து, கறுத்த முடிக் குடும்பத்தில் திடீரென்று ஒரு செம்பட்டைப் பிள்ளை பிறக்கும். சிசிலியில் பக்கத்து வீட்டார் அதற்குப் புராணமே கட்டிவிடுவார்கள். சிவப்பு முடிக்காரன் கெட்டவன் என்ற நம்பிக்கை இங்கே நெடுங்காலமாக உண்டு. ஸ்பானிய மொழியில் "யூதாஸின் முடி" என்றே ஒரு சொல் இருக்கிறது.

சரி, நார்மன்காரர்கள். 1061-இல் சிசிலிக்குள் இறங்கி 1091-இல் முழுத் தீவையும் பிடித்தார்கள். நீலக் கண்ணுள்ள எந்தச் சிசிலியரைக் கேட்டாலும் "நாங்கள் நார்மன் வம்சம்" என்பார். சொல்வதில் ஒரு பெருமையும் இருக்கும், அதைக் கெடுக்க எனக்கு ஆசையில்லை. ஆனால் வந்தவர்கள் ஆண்ட வீரர் கூட்டம், ஊர் ஊராகக் குடியேறிய ஜனம் இல்லை. அதே காலத்தில் வட இத்தாலியிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்தவர்கள் உண்டு. பியாத்சா அர்மெரினா, நிக்கோசியா, சான் ஃப்ராத்தெல்லோ போன்ற மலையூர்களில் அவர்களின் வழியினர் இன்றும் வட இத்தாலியச் சாயல் கொண்ட தனிப் பேச்சு பேசுகிறார்கள். அந்தக் காலத்துக்கு வரவு வைக்க வேண்டுமென்றால் இவர்கள் கணக்கில்தான் நான் கூடுதலாக வைப்பேன். மொத்தத்தில் ஒருவர் கண்ணைப் பார்த்து இது மொனோப்போலி குழந்தையின் காலத்திலிருந்து வந்ததா, மலையூர்க் குடியேறியிடமிருந்து வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது, எழுத்து மாற்றம் இரண்டிலும் ஒன்றுதான்.

நார்மன் ரத்தமுள்ள மிகப் பெரிய புள்ளி, தாய் வழியில், பலேர்மோவில் வளர்ந்த பேரரசர் இரண்டாம் ஃபிரெடெரிக். 1229-இல் ஜெருசலேம் போனபோது அங்கிருந்தவர்கள் அவரைப் பார்த்துச் சொன்னதாக ஓர் அரபு வரலாற்றாசிரியர் எழுதியிருக்கிறார்: சிவந்த ஆள், வழுக்கை, கண்பார்வை மட்டம், அடிமைச் சந்தையில் நின்றால் 200 திர்ஹம் கூடப் பெறமாட்டார். உலகத்தின் வியப்பு என்று ஐரோப்பா கொண்டாடிய மனிதருக்கு வந்த விலை.

கிரேக்கத்தைப் பற்றி இணையத்தில் நடக்கும் சண்டை வேறு மாதிரி. பழங்கிரேக்கக் கவிஞர் ஹோமர், டிராய் போர்க் கதையில் வரும் அரசன் மெனெலாவோஸை "க்ஸாந்தோஸ்" என்று அழைக்கிறார், ஆகவே பழங்கிரேக்கர் எல்லாம் வடநாட்டுப் பொன்முடிக்காரர்கள் என்று ஒரு கட்சி. அந்தச் சொல் மஞ்சளிலிருந்து செம்பழுப்பு வரை எதற்கும் பொருந்தும், குதிரைக்கும் சொல்வார்கள். ஏதென்ஸ் அக்ரோபோலிஸ் அருங்காட்சியகத்தில் கி.மு. 480 வாக்கில் செதுக்கிய ஓர் இளைஞனின் தலை இருக்கிறது, பெயரே "பொன்முடி இளைஞன்". சுருளில் ஒட்டியிருந்த மஞ்சள் வண்ணத்தின் தடயத்தால் வந்த பெயர். அங்கே பொன்முடி இருந்தது, பார்த்தார்கள், பூசினார்கள். ஆனால் கிரேக்க மண்ணின் வெண்கலக் காலத்து ஜனங்களான மினோவர், மைசீனியர் எலும்புகளின் மரபணுவை 2017-இல் படித்தபோது பெரும்பாலும் கறுத்த முடி, பழுப்புக் கண் என்றே வந்தது. கிரேக்கத்தில் நீலக் கண்காரர் பார்த்தால் திருஷ்டி படும் என்று இன்றும் நம்புகிறவர்கள் உண்டு, அதற்கு மாற்றாகத் தொங்கவிடும் மணியும் நீலக் கண் வடிவம்தான். ஊரில் பாதிப் பேருக்கு நீலக் கண் இருந்தால் இந்த நம்பிக்கை முளைத்திருக்குமா?

குடும்பப் பெயர்களும் அதையே சொல்கின்றன. இத்தாலியில் மிக அதிகமாக உள்ள குடும்பப் பெயர் ரோஸ்ஸி, சிவப்பு என்று பொருள். அதன் தெற்கு வடிவம் ரூஸ்ஸோ. மோட்டார்சைக்கிள் வீரர் வலெந்தீனோ ரோஸ்ஸியின் முன்னோர்களில் யாரோ ஒரு செந்தாடிக்காரர் இருந்திருப்பார். அதற்காக இத்தாலியே செம்முடி நாடு ஆகிவிடாது. நூறு பேர் கஸ்தானோவாக இருக்கும் கிராமத்தில் ஒருவனை அடையாளம் சொல்ல "அந்தச் சிவப்பன்" என்பார்கள், அது பேரனுக்கும் ஒட்டிக்கொள்ளும். ஸ்பெயினில் ரூபியோ, மொரேனோ என்ற பெயர்கள் வந்த வழியும் இதுதான், முன்னது பொன்முடி, பின்னது கறுத்தவர்.

சாயமா என்று கேட்டீர்கள். அதுவும் இருக்கும், இங்கே சலூனுக்குக் குறைவில்லை. புதுப் பழக்கமும் இல்லை. 16-ஆம் நூற்றாண்டு வெனிஸில் பெண்கள் மொட்டைமாடி மரத்தளத்தில் ஏறி, நடுவில் ஓட்டையுள்ள அகல விளிம்புத் தொப்பியைப் போட்டு, முடியை அந்த ஓட்டை வழியே வெளியே எடுத்து விளிம்பில் பரப்பி, மருந்து நீர் தடவி மணிக்கணக்கில் வெயிலில் உட்கார்வார்கள். முகம் கறுக்காது, முடி வெளுக்கும். வெயில் மெலனினைச் சிதைக்கும், வளர்ந்துவிட்ட முடி உயிரற்றது, இழந்ததைத் திரும்பச் செய்துகொள்ளாது. ஆகஸ்டு முழுக்கக் கடலில் கிடக்கும் சிசிலிச் சிறுவர்களின் தலை நுனி செம்பட்டை ஆவதும் இதனால்தான். தவிர, இங்கே ஐந்து வயதில் பொன்முடியாகத் திரிந்த பிள்ளைகளில் பலர் பதினைந்தில் கஸ்தானோ ஆகிவிடுவார்கள். வளர வளரக் கருமெலனின் கூடும். நீங்கள் கோடையில் கடற்கரையில் பார்த்த கூட்டத்தில் இதெல்லாம் கலந்திருக்கும்.

கடைசியாக அக்காவின் பிள்ளை. தமிழர்களில் பெரும்பாலோரிடம் அந்த ஹெர்க்2 இடத்தில் இரண்டு பக்கமும் பழைய எழுத்துதான் இருக்கும். அக்காவும் அப்படியென்றால் பிள்ளைக்கு அப்பாவிடமிருந்து மாறிய எழுத்து கிடைத்தாலும் அம்மாவிடமிருந்து பழைய எழுத்து கிடைக்கும், கண் அநேகமாகப் பழுப்பாகத்தான் வரும். அக்கா பக்கத்திலும் எங்காவது பூனைக்கண் இருந்தால் வாய்ப்பு கொஞ்சம் ஏறும். 2021-இல் 1,95,000 பேரை வைத்துச் செய்த ஆய்வு, கண் நிறத்தில் பங்குள்ள புதிய இடங்கள் ஐம்பதைக் கண்டுபிடித்தது, ஆகவே யாரும் சத்தியம் செய்ய முடியாது. பிறந்ததும் கண் சாம்பல் நீலமாகத் தெரிந்தால் உடனே சொந்தக்காரர்களுக்குப் படம் அனுப்பிவிடாதீர்கள். மெலனின் சேர்வதற்கு மாதக்கணக்காகும். முதல் பிறந்தநாள் கேக் வெட்டும்போது எடுக்கிற படத்தை அனுப்புங்கள்.